ரோபோவும் மெய்நிகர் உலகும் அறிவியல் வகுப்பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுநிலை, உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு ரோபோவையும் மெய்நிகர் உண்மைக் கருவிகளையும் கொண்டு பாடம் நடத்தும் பயிற்சி அளிக்கச் செல்லும்போது, ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் தலைமையாசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. ரோபோ என்றால் மனுஷன் மாதிரி நடந்து பேசுகிற பொம்மையா? விஆர் என்பது என்ன?

பள்ளியில் ரோபோ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு சக்கரங்களும் முன்னால் ஓர் உருளையும் வைத்த சிறிய வண்டி. பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிறப் பி.ஓ. மோட்டார் இரண்டு, அவற்றை இயக்கும் மோட்டார் டிரைவர் பலகை, நிரலை ஏற்றுவதற்கு அர்டுயினோ அல்லது மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகை, ஒன்றிரண்டு சென்சார்கள், இவ்வளவுதான். சுற்றுப்புறத்தை அளந்து, அந்த அளவுக்கேற்ப முடிவெடுத்து இயங்குகிற எதுவும் இங்கே ரோபோதான். மண் காய்ந்தால் தானே தண்ணீர் விடும் தொட்டியும் அதில் சேரும்.

விஆர் எனப்படும் மெய்நிகர் உண்மை, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி, தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியையும் திருப்பி, அந்த இடத்திலேயே நிற்பதுபோன்ற உணர்வைத் தரும் ஏற்பாடு. இதில் இரு வகை உண்டு. 360 டிகிரி வீடியோவில் கேமரா நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்க்க மட்டுமே முடியும். கணினியில் ஆக்கிய முப்பரிமாண மாதிரியில் பொருளை நெருங்கலாம், அதைச் சுற்றி வரலாம், கழற்றியும் பார்க்கலாம். வாங்கும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள்.

2. இது கம்ப்யூட்டர் சார் பார்க்க வேண்டிய வேலை. சயின்ஸ் டீச்சருக்கு இதில் என்ன இருக்கிறது?

ரோபோவை ஓடவைப்பதே பாடம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இங்கே ரோபோ அளக்கும் கருவி; பாடம் அறிவியல். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பின்வரும் பதில்கள் பலவும் அதைச் சார்ந்திருக்கின்றன. எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி (மனிதக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) சென்சாரின் முகப்பில் இரண்டு வெள்ளி நிற உருளைகள் இருக்கும். ஒன்று 40,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எட்டுத் துடிப்புகளை அனுப்புகிறது, மற்றொன்று எதிரொலிக்குக் காத்திருக்கிறது. ஒலி போய்வந்த நேரத்தை அதன் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் எதிரில் உள்ள பொருளின் தொலைவு கிடைக்கும். ஏன் இரண்டால் வகுக்க வேண்டும் என்பதை வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், கேட்கட்டும்.

எதிரொலி கேட்க வேண்டுமானால் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பாடநூலில் படித்த மாணவர்கள், இந்தச் சென்சார் 2 செ.மீ. தொலைவைக்கூட அளப்பதைக் கண்டு குழம்புவார்கள். அந்தக் குழப்பம்தான் நமக்கு வேண்டியது. ஒலியின் வேகம் இரண்டிலும் ஒன்றே, கேட்பவர்தான் வேறு. நம் செவிப்புலனில் ஓர் ஒலியின் பதிவு ஏறத்தாழ 0.1 வினாடி நீடிக்கிறது, அதற்குள் திரும்பிவரும் ஒலியைத் தனியாகப் பிரித்தறிய நம்மால் முடிவதில்லை. சென்சாரோ 2 செ.மீ. போய்வர ஒலிக்கு ஆகும் சுமார் 117 மைக்ரோ வினாடியையும் அளந்துவிடுகிறது. இந்த ஒரு கேள்வியிலேயே இயற்பியல், உடலியல், கணிதம், மின்னணுவியல் நான்கும் வந்துவிட்டன.

அடுத்து வௌவால். 1790-களில் இத்தாலியின் ஸ்பலன்சானி, கண் தெரியாத வௌவாலும் தடுமாறாமல் பறப்பதைக் கண்டார். சுவிட்சர்லாந்தின் ஜூரின், காதை அடைத்தால் அது முட்டிக்கொள்வதைக் கண்டார். வௌவால் எழுப்பும், மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை 1938-இல்தான் ஹார்வர்டில் கிரிஃபினும் பியர்ஸும் கருவியால் பதிவு செய்தார்கள். 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறிய பொருளிலிருந்து எதிரொலி நன்றாகத் திரும்பாது என்பதை ரோபோவின் முன் ஒரு ஈர்க்குச்சியை நீட்டிப் பார்த்தாலே அறியலாம். சின்னஞ்சிறு பூச்சியைப் பிடிக்கும் வௌவால்கள் ஏன் இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கின்றன என்பதற்கு விடை அங்கிருந்தே வரும். ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலைப் பார்த்த பிள்ளைகளிடம், அது கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்வது, மீயொலியை நம்பி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

3. ரோபோ ஒன்றே போதாதா? விஆரும் எதற்கு? இரண்டும் சேர்ந்தால் குழப்பம்தானே?

இரண்டும் இரு வேறு வேலைகளைச் செய்கின்றன. ரோபோ, மாணவர் கையால் தொட்டு அளக்கக்கூடிய உலகில் இருக்கிறது. அவர் கணிப்பு தவறானால் வண்டி சுவரில் மோதும். விஆர், அளவு காரணமாகவோ தொலைவு காரணமாகவோ ஆபத்து காரணமாகவோ போக முடியாத இடத்துக்கு அவரைக் கொண்டுபோகிறது. மேலே சொன்ன பாடத்தில் நடுச்செவியின் மூன்று எலும்புகளும், உட்செவியில் ஒலியை உணரும் சுருள் வடிவ நத்தை எலும்பும் விஆருக்கு உரியவை. பட்டாணி அளவே உள்ள ஓர் உறுப்புக்குள் நின்று, சுருளின் தொடக்கத்தில் உயர்ந்த ஒலியும் நுனியில் தாழ்ந்த ஒலியும் உணரப்படுவதைப் பார்ப்பது, பாடநூல் படத்தில் கிடைக்காத அனுபவம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை ஆசிரியர் மறக்கக் கூடாது. ரோபோ மாணவரை மறுத்துப் பேசும், விஆர் மறுக்காது. விஆரில் தெரிவது அதை உருவாக்கியவர் எண்ணியது மட்டுமே. அவர் தவறாக வரைந்திருந்தால் தவறே அழகாகத் தெரியும். ஆகவே புதிய கருத்தைச் சோதிக்க ரோபோ, சோதித்த கருத்துக்கு உருவம் கொடுக்க விஆர் என்ற வரிசையையே நான் பரிந்துரைக்கிறேன்.

4. ஒரு பாடத்தை எப்படிப் பிரித்து நடத்துவது? எத்தனை பீரியடு ஆகும்?

இரண்டாம் கேள்வியில் சொன்ன பாடத்துக்கு நான்கு பீரியடுகள் வேண்டும். முதல் பீரியடில் கருவி எதுவும் வேண்டாம். 17.2 மீட்டர் கணக்கைக் கரும்பலகையில் போட்டு, வௌவால் இருட்டில் எப்படிப் பறக்கிறது என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும். இரண்டாவதில் சென்சாரைக் கணினியுடன் இணைத்து, சுவர், தலையணை, சாய்த்துப் பிடித்த அட்டை, ஈர்க்குச்சி என ஒவ்வொன்றின் தொலைவையும் அளந்து, அளவுநாடா காட்டும் எண்ணுடன் ஒப்பிட வேண்டும். மூன்றாவதில்தான் சென்சார் வண்டியில் ஏறும், 15 செ.மீ. தொலைவில் நிற்கும்படி நிரல் எழுதுவார்கள். நான்காவதில் விஆர், அதன் பின் எழுத்து வேலை.

பல பள்ளிகளில் மூன்றாவது பீரியடிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். வண்டி ஓடும், கைதட்டல் கிடைக்கும், விருந்தினர் வந்தால் படமும் எடுக்கலாம். அறிவியல் இருந்தது முதல் இரண்டு பீரியடுகளில்.

5. எங்கள் பள்ளியில் காசு இல்லை. குறைந்தபட்சம் என்ன வாங்க வேண்டும்?

நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016-இல் தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு, ஆய்வகம் அமைக்கவும் ஐந்தாண்டு நடத்தவும் சேர்த்து 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. அந்த வாய்ப்பு இல்லாத பள்ளி, ஐந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அர்டுயினோ பலகை, மீயொலி சென்சார், இரண்டு மோட்டார், ஒரு டிரைவர், மறுமின்னேற்றம் செய்யும் மின்கலம் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். கிட் என்று பெட்டியில் போட்டு விற்பதன் விலையில் பெரும்பகுதி பெட்டிக்கே போகிறது.

விஆருக்கு, கூகுள் 2014-இல் வெளியிட்ட கார்ட்போர்டு வடிவமைப்பைப் பின்பற்றி அட்டையை வெட்டி, இரண்டு குவிலென்ஸ்களைப் பொருத்தி, உள்ளே கைபேசியை வைத்தால் போதும். முதல் வடிவமைப்பில் லென்ஸின் குவியத் தொலைவு சுமார் 45 மில்லிமீட்டர். திரை அதைவிடச் சற்று அருகில் இருப்பதால் பெரிதாக்கப்பட்ட மாயபிம்பம் தொலைவில் தெரிகிறது. பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. கைபேசியில் கைரோஸ்கோப் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விலை குறைந்த பல கைபேசிகளில் அது இருக்காது, தலையைத் திருப்பினாலும் காட்சி திரும்பாது.

6. ஏதாவது ஒரு கம்பெனியின் முழுத் தொகுப்பையும் வாங்கினால் நிம்மதியாக இருக்காதா?

1998-இல் வந்து உலகெங்கும் வகுப்பறைகளில் இடம்பிடித்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் 2022 முடிவில் நிறுத்தப்பட்டது. பள்ளிகள் விரும்பிப் பயன்படுத்திய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் விஆர் செயலி 2021-இல் மூடப்பட்டது. பாடத் திட்டத்தைக் கேள்வியின் மேல் கட்டியிருந்தால் கருவி போனாலும் பாடம் நிற்கும்.

7. எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்? சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்செட் மாட்டலாமா?

ரோபோவுக்கு ஆறாம் வகுப்பு வசதியான தொடக்கம். எம்.ஐ.டி.யில் உருவாகி 2007-இல் வெளியான ஸ்கிராட்ச் மொழியில் கட்டளைக் கட்டங்களை அடுக்கியே நிரல் எழுதலாம். அது 8 வயதிலிருந்தே பிள்ளைகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அதற்கும் கீழே உள்ளவர்களுக்குக் கருவியே வேண்டாம். 1967-இல் உருவான லோகோ நிரல் மொழியின் ஆக்கியோருள் ஒருவரான சீமூர் பேப்பர்ட், அதன் கட்டளைக்கேற்ப நகரும் ஆமை ரோபோவை வட்டமடிக்கச் செய்ய விரும்பும் குழந்தை முதலில் தானே வட்டமாக நடந்து பார்க்க வேண்டும் என்றார். ஒரு பிள்ளை ரோபோவாக நிற்க, மற்றொரு பிள்ளை "இரண்டடி முன்னே, வலப்பக்கம் திரும்பு" என்று கட்டளையிட, மைதானத்திலேயே மூன்றாம் வகுப்பினர் நிரலாக்கம் கற்கிறார்கள்.

ஹெட்செட் (தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி) விஷயத்தில் அவசரம் வேண்டாம். மெட்டா நிறுவனம் நெடுநாள் 13 வயது என்று வைத்திருந்த வரம்பை, பெற்றோர் கட்டுப்பாட்டிலுள்ள கணக்குகளுக்கு மட்டும் 2023-இல் 10 ஆகக் குறைத்தது. இந்தக் கருவிகள் வளர்ந்தவர்களின் கண்மணி இடைவெளியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சிறு பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி குறைவு என்பதால் காட்சி தெளிவாக அமையாது. பத்து வயதுக்குக் கீழே நான் மாட்டுவதில்லை.

8. போன முறை விஆர் பார்த்துவிட்டு என் பெண் தலை சுற்றுகிறது என்றாள். கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?

தலைச்சுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் கண் அன்று, காது. நகர்கிறோம் என்று கண் சொல்ல, உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களும் அசையவே இல்லை என்று சொல்கின்றன. மூளை இரண்டுக்கும் இடையில் திண்டாடுகிறது. பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுவதும் இந்த முரண்பாட்டால்தான். ஆகவே உட்கார்ந்து பார்க்கச் செய்யுங்கள். தானே ஓடும் காட்சிகளைத் தவிர்த்து, பார்ப்பவர் நின்ற இடத்திலேயே இருக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். யாருக்காவது அசௌகரியமாக இருந்தால் கேள்வி கேட்காமல் உடனே கழற்றிவிட வேண்டும். தைரியமாகப் பார் என்று ஊக்கப்படுத்துவது தவறு.

கண் களைப்பும் உண்டு. பொருள் தொலைவில் இருப்பதாகவோ அருகில் இருப்பதாகவோ காட்சிக்கேற்பக் கண்கள் குவிந்தும் விலகியும் திரும்புகின்றன. விழிலென்ஸோ திரையின் மாயபிம்பம் இருக்கும் ஒரே தொலைவுக்கே குவியம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இயல்பில் சேர்ந்தே நடக்கும் இரு வேலைகள் பிரிக்கப்படுவதால் களைப்பு வருகிறது. வலிப்பு வரலாறு உள்ள பிள்ளைகள் பற்றிப் பெற்றோரிடம் முன்னதாகவே கேட்டு, அவர்களுக்கு மாற்றாகக் கணினித் திரையில் அதே மாதிரியைக் காட்டுங்கள். முகத்தில் படும் பஞ்சை ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்க வேண்டும்.

9. பாதி நாள் ரோபோ ஓடுவதே இல்லை. பீரியடே வீணாகிறதே?

ஓடாத காரணத்தைத் தேடும் நேரம் வீண் அன்று. கோட்டைப் பின்தொடரும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பீர்கள். வெள்ளைத் தாள் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு டேப் உறிஞ்சிக்கொள்கிறது என்பதை வண்டியின் அகச்சிவப்பு சென்சார் நம்பி ஓடும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி மதியம் ஜன்னலோரம் வந்ததும் தாறுமாறாகப் போகும். அங்கே விழும் வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதுதான் காரணம். ஜன்னலை மூடிப் பார்ப்பது, சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் தாளால் குழல் செய்து மாட்டுவது, பலகையிலுள்ள சிறு திருகைத் திருப்பி அளவைச் சரிசெய்வது எல்லாமே ஆய்வுதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது மண் ஈரப்பத சென்சார். இரண்டு முள் கொண்ட மலிவு வகையை ஈர மண்ணில் குத்தி, மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால், சில வாரங்களில் ஒரு முள் கறுத்து அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும், மற்றது ஏறக்குறைய அப்படியே இருக்கும். வாங்கிய பொருள் மட்டம் என்று குறைபட்டுக்கொள்ளாமல், ஏன் ஒன்று மட்டும் அரித்தது என்று கேளுங்கள். நேர்மின்முனையில் உலோகம் கரைகிறது; மின்னாற்பகுப்புப் பாடம் தானே வந்து நிற்கிறது. அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுக்கும்படி நிரலை மாற்றினால் முள் நெடுநாள் உழைக்கும் என்ற தீர்வை எட்டாம் வகுப்பினரே கண்டுபிடிப்பார்கள்.

10. விஆர் போட்டால் நன்றாக மனத்தில் பதியும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே?

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. 2018-இல் பரோங், மேயர் என்ற கலிபோர்னியா ஆய்வாளர்கள் மனித ரத்தம் பற்றிய பாடத்தை ஒரு பிரிவினருக்கு விஆரிலும் மற்றொரு பிரிவினருக்குக் கணினி ஸ்லைடுகளிலும் கொடுத்தார்கள். விஆர் பார்த்தவர்கள் அதிக ஆர்வம் காட்டினார்கள். தேர்வில் ஸ்லைடு பார்த்தவர்களே முந்தினார்கள். 2019-இல் கோபன்ஹேகனின் மக்ரான்ஸ்கி குழுவினரின் ஆய்விலும், ஹெட்செட் அணிந்தவர்களுக்கு அங்கேயே இருக்கும் உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. இவை கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டவை என்றாலும் நமக்கும் எச்சரிக்கைதான்.

முதல் ஆய்வில் பயனுள்ள இன்னொரு பகுதி உண்டு. விஆர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் புரிந்ததைச் சுருக்கி எழுதச் சொன்னபோது, எழுதாமல் பார்த்தவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். நான்காம் கேள்வியில் விஆருக்குப் பின் எழுத்து வேலையை வைத்தது இதனால்தான். கண்ணாடியைக் கழற்றியவுடன் பேச்சைத் தொடங்கவிடாமல், முதலில் மூன்று வரி எழுதி ஒரு படம் வரையச் சொல்லுங்கள்.

11. அப்படியானால் ஆய்வகமே விஆரில் வைத்துவிடலாமே? அமிலம், கண்ணாடிச் சாமான் தொல்லை இல்லை.

மூன்றாம் பதிலில் சொன்னதுதான் இங்கும் பொருந்தும். மெய்நிகர் தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) பியூரெட்டின் குழாய் ஒழுகாது, ஒரு துளி கூடிப்போகாது, நிறம் மாறியதா இல்லையா என்ற ஐயம் எழாது. அந்த ஐயங்களைக் கையாளக் கற்பதற்குத்தான் ஆய்வகம். எரிமலை, அணுக்கரு உலை, கருவின் வளர்ச்சி போன்றவற்றுக்கு விஆர் சரி. ஒரு சோதனைக்குழாயும் சிட்டிகை சமையல் சோடாவும் போதுமான இடத்தில் அது வேண்டாம்.

12. குழுவில் கெட்டிக்காரப் பையன் ஒருவனே எல்லாம் செய்கிறான். பெண் பிள்ளைகள் நோட்டு எழுதிக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்ய?

பொறுப்புகளை நீங்களே பிரித்து, பீரியடுக்குப் பீரியடு மாற்றுங்கள்: இணைப்பவர், நிரல் எழுதுபவர், அளப்பவர், பதிவு செய்பவர், வினவுபவர். வினவுபவரின் வேலை, "இது ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும். நிரல் தெரிந்த மாணவர் விசைப்பலகையைத் தொடாமல் வாயால் மட்டுமே உதவலாம் என்ற ஒரு விதியே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். விஆரிலும் இது உதவும்: கண்ணாடி அணிந்தவர் பார்ப்பதைச் சொல்ல, மற்றவர்கள் கேட்டு வரைய, ஐந்து பேருக்கு ஒரு கருவி குறையாகத் தெரியாது.

13. இதற்கு எப்படி மார்க் போடுவது? போர்ஷன் வேறு முடிக்க வேண்டும்.

வண்டி ஓடியதா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அடுத்த முறை எல்லாரும் இணையத்திலிருந்து நிரலை எடுத்து ஒட்டுவார்கள். கணிப்பு என்ன, அளவு என்ன, இரண்டும் வேறுபட்டதற்குக் காரணம் என்ன என்ற மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள் போதும். மூன்றாவது பத்திக்கே பாதி மதிப்பெண் கொடுங்கள். 6.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஐந்து சுற்றில் ஏறத்தாழ 102 செ.மீ. போக வேண்டும் என்று கணக்கிட்டு, 97 தான் போனது என்று எழுதி, சிமென்ட் தரையில் சக்கரம் வழுக்கியதைச் சொல்கிற மாணவர், வட்டத்தின் சுற்றளவையும் உராய்வையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார். போர்ஷனில் இரண்டு பாடம் அங்கே முடிந்தது.

14. சென்சார் காட்டும் தொலைவும் டேப்பில் அளந்ததும் ஒத்துப்போவதில்லை. பிள்ளைகளிடம் எது சரி என்று சொல்வது?

டேப்பையே நம்புங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். வழக்கமான நிரலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருக்கும். அது 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். நம் வகுப்பறை 20 டிகிரியில் இருப்பது எந்த மாதத்தில்? 30 டிகிரியில் ஒலி வேகமாகப் போய்த் திரும்பிவிடுவதால், 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரைச் சென்சார் சுமார் 197 செ.மீ. என்று காட்டும். 40 டிகிரியில் 193 செ.மீ. ஆகிவிடும். வேறுபாடு இதற்கு மேல் இருந்தால் சுவர் சாய்ந்திருக்கிறதா, எதிரில் திரைச்சீலை இருக்கிறதா, அளவை உருளைகளின் முகப்பிலிருந்து எடுத்தார்களா என்று பாருங்கள்.

அடுத்த படியாக, டி.எச்.டி.11 என்ற மலிவான வெப்பநிலை சென்சாரையும் இணைத்து, அது தரும் எண்ணைக் கொண்டு ஒலியின் வேகத்தை நிரலே கணக்கிடும்படி மாணவர்களை மாற்றி எழுதச் சொல்லலாம். அந்தச் சென்சாரும் இரண்டு டிகிரி வரை கூடக் குறையக் காட்டக்கூடியது என்பதால், 2 மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் பிழை அப்போதும் எஞ்சலாம். மீதமுள்ள பிழை எந்தக் கருவியுடையது என்று ஒன்பதாம் வகுப்பினரை வாதிடவிடுங்கள்; விடையை நீங்கள் சொல்ல வேண்டாம், சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவைத்தால் போதும்.